வானத்தின் பாலாடை

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் 26 ஆண்டுகள் வணிகக் கப்பல்களில் வானொலி அதிகாரியாகப் பணியாற்றி, 1999-இல் ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் அருகே வசிக்கிறார்.)

கேள்வி: வணக்கம் தாத்தா. வளிமண்டலத்தில் ஐந்து அடுக்குகள் என்று படித்தோம். கீழடுக்கில் மேகமும் மழையும் இருக்கின்றன. அதற்கு மேலே ஓசோன் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்று இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று என்று எங்கள் வகுப்பில் ஒருவன் சொன்னான். அந்த மேல்பகுதி மட்டும் ஒரு நாள் இல்லாமல் போனால் நமக்கு ஏதாவது ஆகுமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்

பதில்: மகளே, உன் வகுப்புத் தோழன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். பூமியைச் சூழ்ந்த காற்றின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு, நம் தலைக்கு மேலே பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. முப்பது கிலோமீட்டர் ஏறிவிட்டால் 99 சதவீதக் காற்று நம் காலுக்குக் கீழே போய்விடும். நூறு கிலோமீட்டருக்கு மேலே மிஞ்சுவது, மொத்தத்தில் முப்பது லட்சத்தில் ஒரு பங்குதான். 75 கிலோ நெல் மூட்டையை நீ பார்த்திருப்பாய். அதில் ஏறக்குறைய முப்பது லட்சம் மணிகள் இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார். நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள காற்று அவ்வளவுதான்.

ஆனால் "இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. என் குடும்பம் 26 ஆண்டுகள் சாப்பிட்டது அந்த ஒரு மணியில்தான்.

சூரியனிலிருந்து வெளிச்சமும் வெப்பமும் மட்டும் வருவதில்லை. எக்ஸ் கதிர்களும் கடுமையான புற ஊதாக் கதிர்களும் கூடவே வருகின்றன. சூரியன் நமக்கு அனுப்பும் ஆற்றலில் அவை லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் உயிருள்ள செல்லுக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடும் வலு அவற்றுக்கு உண்டு. அவற்றுக்கு முதலில் மார்பு காட்டுவது அந்த மெலிந்த காற்றுதான். ஓர் ஆக்சிஜன் அணு அப்படி ஒரு கதிரை வாங்கிக்கொள்ளும்போது அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்துப் பிரிகிறது. கதிரின் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இப்படிப் பிரிந்த எலக்ட்ரான்கள் உலவும் பகுதிதான் அயனி மண்டலம். எங்கள் தொழிலில் அதற்கு மூன்று மாடிகள். 60 முதல் 90 கிலோமீட்டர் வரை 'டி', 110 கிலோமீட்டர் அளவில் 'இ', 250-க்கு மேலே 'எஃப்'. எஃப் மாடியில்கூட ஆயிரம் அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் எலக்ட்ரான் பிரிந்திருக்கும். அதுவே போதும். கீழிருந்து போகும் சிற்றலை வானொலியை வளைத்து, மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளித் தரையில் இறக்கிவிடும்.

இதை மனிதன் முதலில் கண்டபோது நம்ப முடியாமல் திகைத்தான். 1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்டு என்ற இடத்திலிருந்து அனுப்பிய மோர்ஸ் ஒலியைச் சுமார் 3,400 கிலோமீட்டர் தள்ளி, நியூபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கட்டிய கம்பியைக் கொண்டு கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். வானொலி அலை ஒளியைப் போல நேராகப் போவது. நடுவே பூமியின் முதுகு புடைத்து நிற்கிறது. பிறகு எப்படி வந்தது? மேலே ஏதோ ஒரு கண்ணாடி இருக்க வேண்டும் என்று 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924-இல் ஆப்பிள்டன் அதை அளந்தே காட்டினார். அதற்காக 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நான் அந்தக் கண்ணாடியின் அருமையை உணர்ந்தது ஒரு நண்பகலில். 1980-ஆம் ஆண்டு வாக்கில், மொம்பாசாவிலிருந்து கொச்சி நோக்கி வந்துகொண்டிருந்தோம். சூரியன் மிகவும் கொந்தளிப்பாக இருந்த காலம் அது. வானிலைக் குறிப்பை அனுப்புவதற்காக 12 மெகாஹெர்ட்ஸில் பம்பாய் கரை நிலையத்தை அழைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் எப்போதும் சந்தைக்கடை இரைச்சல்தான். ஏழெட்டுக் கப்பல்கள் ஒரே நேரத்தில் மோர்ஸ் தட்டும். அத்தனையும் ஓரிரு நிமிடத்தில் தேய்ந்து, கடைசியில் 'ஸ்' என்ற ஓசைகூட இல்லாமல் அடங்கிவிட்டது. கருவி பழுது என்று நினைத்தேன். மேல்தளத்துக்கு ஏறிப்போய் ஏரியல் கம்பியையும் அதன் பீங்கான் தாங்கிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. இறங்கி வந்து 500 கிலோஹெர்ட்ஸில், தரையை ஒட்டிப் போகும் அலையில், அருகே எங்கோ போய்க்கொண்டிருந்த ஒரு கிரேக்கக் கப்பலைக் கேட்டேன். "எனக்கும் எதுவும் கேட்கவில்லை" என்று பதில் வந்தது.

நாற்பது நிமிடம் கழித்துக் குரல்கள் திரும்பின. முதலில் 22 மெகாஹெர்ட்ஸ், பிறகு 16, அதன் பிறகு 12, கடைசியாக 8. மேல்தளத்தில் வெயில் வழக்கம்போலவே அடித்தது. சாயம் பூசிக்கொண்டிருந்தவர்கள் பூசிக்கொண்டே இருந்தார்கள். சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்து, அதிலிருந்து வந்த எக்ஸ் கதிர் வெள்ளம் எங்கள் தலைக்கு மேலிருந்த டி மாடியில் வந்து விழுந்திருக்கிறது. அதனால் அந்த மாடி தடித்துப்போய், எங்கள் அலைகளையெல்லாம் விழுங்கிவிட்டது. வந்த எக்ஸ் கதிர் அத்தனையும் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் தோலில் ஒரு துளிகூடப் படவில்லை. அதற்குப் பிறகு மேலே இருப்பதை 'ஒன்றுமில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இன்று நண்பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள காற்று முழுவதும் மறைந்துவிட்டது என்று வைத்துக்கொள். சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் நிற்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. மூச்சு அதே மூச்சு. வானம் அதே நீலம், ஏனென்றால் அந்த நீலம் பிறப்பது கீழே உள்ள அடர்ந்த காற்றில். எக்ஸ் கதிர் தரைக்கு வந்து நம்மைப் பொசுக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அடுத்து இருக்கும் இடையடுக்குக் காற்றும் அதைத் தடுக்கப் போதுமானது. தூரத்துச் சிற்றலை ஒலிபரப்புகள் மட்டும் அந்த நொடியே ஊமையாகும். இ, எஃப் என்ற கண்ணாடிகள் போய்விட்டன. அலையை விழுங்கும் டி மாத்திரம் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை உன் அம்மா கரண்டியால் வழித்து எடுப்பதைப் பார்த்திருக்கிறாயா? எடுத்துவிட்டால் ஆடை முடிந்துவிடுகிறதா? சூடு இருக்கும் வரை மறுபடி படியும். ஆடை என்பது பாலுக்கு மேலே யாரோ கொண்டுவந்து போர்த்திய துணி அல்ல. பாலேதான் ஆடையாகிறது. வளிமண்டலத்தின் மேல்பகுதியும் அப்படித்தான். நீ வழித்தெடுத்த உடனே, நூறு கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் காற்றுக்கு மேலே அமுக்க எதுவும் இல்லை. அதன் மூலக்கூறுகள் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் மேலே பாயும். அவற்றின் மேல் அதே சூரியன் அடிக்கும். எலக்ட்ரான்கள் மீண்டும் தெறிக்கும். சில மணி நேரத்தில் புதிய அயனி மண்டலம் ஒன்று தலைகாட்டிவிடும் என்பது என் கணிப்பு. ஆக்சிஜன் மூலக்கூறுகள் அணுக்களாகப் பிளந்து பழைய ஒழுங்குக்கு வரச் சில நாட்கள் ஆகலாம். மூட்டையில் மிச்சமிருக்கும் நெல்லிலிருந்து ஒரு மணி போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

சொல்லப்போனால் இந்த வேலை தினமும் நடக்கிறது. மாலையில் சூரியன் மறைந்ததும் டி மாடி கலைந்துவிடும். இ மாடி நலிந்துவிடும். எஃப் மட்டும் இரவைத் தாங்கும். அந்த உயரத்தில் பிரிந்த எலக்ட்ரானுக்கு, திரும்பிச் சேர ஒரு துணை கிடைக்க நெடுநேரமாகும். காலையில் எல்லாம் மறுபடி கட்டப்படும். நான் பகலில் ஓர் அலைவரிசையும் இரவில் வேறோர் அலைவரிசையும் பிடித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கேள்வி: நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள பகுதியில் வெப்பம் ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும் என்று என் மகனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த வழியாகத்தான் விண்வெளி வீரர்கள் போகிறார்கள். அவர்கள் ஏன் கருகிப்போவதில்லை?

– இல்லத்தரசி, கோவை

பதில்: அம்மா, தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடித்திருப்பீர்கள். அதிலிருந்து தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடானது. புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். ஆனால் அணைந்த பிறகு அந்தக் கம்பியை மிதித்துவிட்டால் கால் வெந்துவிடும். பொறியை விடக் கம்பியின் சூடு குறைவு. ஆனால் கம்பியில் பொருள் அதிகம். பொறியிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

மேலே உள்ள காற்றும் பொறியைப் போன்றதுதான். ஒவ்வோர் அணுவும் மிக வேகமாகப் பாய்கிறது, அதனால் வெப்பநிலை அதிகம். ஆனால் அணுக்கள் மிகவும் குறைவு. நம் மூக்கருகே ஒரு மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போக முடியாது, அதற்குள் இன்னொன்றின்மேல் மோதிவிடும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் அரைச் சாண் தூரம் தடையின்றிப் போகலாம். ஐந்நூறு கிலோமீட்டரிலோ பல பத்துக் கிலோமீட்டர் போகும். அங்கே ஒரு வெப்பமானியை வெளியே நீட்டினால், அது சூரியன் படும் பக்கம் சுடும், நிழல் பக்கம் உறையும். சுற்றியுள்ள காற்றின் சூட்டை அது உணரவே உணராது.

இந்தத் தனிமையால் ஓர் அழகும் உண்டு. துருவ ஒளியின் பச்சை சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது. சிவப்பு இருநூறுக்கும் மேலே. இரண்டையும் தருவது ஆக்சிஜன் அணுதான். ஆனால் சிவப்பு ஒளியை வெளியிட அந்த அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். அதுவரை வேறு எதுவும் வந்து இடிக்கக் கூடாது. கீழே அதற்கு இடமில்லை. 2024 மே மாதத்துச் சூரியப் புயலின்போது லடாக்கில் ஹான்லே வானாய்வகத்திலிருந்து எடுத்த படங்களில் வானம் செக்கச்செவேலென்று இருந்தது. அந்தச் சிவப்பு அத்தனையும் இப்படி இரண்டு நிமிடம் காத்திருந்த அணுக்கள் விட்ட ஒளி. நான் அந்தப் படத்தைப் பேரனின் கைப்பேசியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: 1979-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது நினைவிருக்கிறது. விண்வெளியில் காற்று இல்லை என்றால் அது ஏன் விழுந்தது? சந்திரன் விழவில்லையே?

– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, அந்த ஜூலை மாதம் நான் கப்பலில் இருந்தேன். என் தாயார் எழுதிய கடிதம் துறைமுக முகவர் வழியாகக் கைக்கு வந்தது. "அது கடலில்தான் விழும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். நீ இருப்பது கடலில்தானே அப்பா" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

1973 மே மாதம் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் சுமார் 435 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. எடை ஏறக்குறைய 77 டன். கடைசி வீரர்கள் 1974 பிப்ரவரியில் இறங்கிவிட்டார்கள். 1980-களின் தொடக்கம் வரை அது தாங்கும், அதற்குள் விண்வெளி ஓடம் தயாராகி அதை மேலே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சூரியன் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. எதிர்பார்த்ததைவிடச் சீற்றமாக அது எழுந்தபோது உயரத்துக் காற்று சூடேறி உப்பியது. பூரி எண்ணெயில் உப்புவதுபோல, கீழே இருந்த காற்று மேலே எழும்பி வந்து ஸ்கைலாபின் பாதையில் நின்றது. எவ்வளவு மெலிந்திருந்தாலும், நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு அது எதிர்க்காற்று. நாளுக்கு நாள் வேகத்தைத் தின்று, உயரத்தையும் தின்றது. 1979 ஜூலை 11, நம் ஊரில் இரவு பத்து மணிக்கு, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே உடைந்து சிதறியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் ஊரைச் சுற்றித் துண்டுகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. சந்திரன் இருக்கும் தூரத்தில் இந்த எதிர்க்காற்று இல்லை. அதனால் அது விழவில்லை.

இன்றும் அதே கதைதான். பன்னாட்டு விண்வெளி நிலையம் சராசரியாக மாதம் இரண்டு கிலோமீட்டர் இறங்குகிறது. அவ்வப்போது இயந்திரத்தை இயக்கி ஏற்றிவிடுகிறார்கள். 2022 பிப்ரவரி 3-ஆம் தேதி ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் முதலில் 210 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டன. மறுநாள் சூரியனின் சீற்றத்தால் ஒரு காந்தப் புயல். காற்று தடித்தது. நாற்பது வரை எரிந்து போயின.

இது உயரத்துக் காற்றின் குற்றம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் கேள்வியில் அந்த மாணவி கேட்டாளே, இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று. மந்திரம் போட்டு அது மறுபடி உருவாகாமல் தடுத்துவிட்டால், உண்மையான நஷ்டம் இங்கேதான். விண்வெளியில் நாம் போட்டிருக்கும் குப்பையைப் பெருக்க ஒரே ஒரு விளக்குமாறுதான் இருக்கிறது. அது இந்தக் காற்று. 400 கிலோமீட்டரில் விட்ட துண்டை ஓரிரு ஆண்டுகளில் இழுத்து எரித்துவிடும். 800 கிலோமீட்டரில் காற்று இன்னும் மெலிவு, அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேலும் கிடக்கும். பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டுமே முப்பதாயிரத்துக்கு மேல் சுற்றுகின்றன. அந்தக் காற்று இல்லையென்றால் ஒரு திருகாணிகூட இறங்காது. ஒன்றோடொன்று மோதி, உடைந்து, பெருகிக்கொண்டே போகும்.

அந்த விளக்குமாற்றையும் நாம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. நாம் புகையாக விடும் கார்பன் டை ஆக்சைடு கீழே வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மேலே போனால் அதே வாயு வெப்பத்தை விண்வெளிக்கு வீசிவிட்டுக் குளிர்விக்கிறது. அங்கே அதற்குப் போர்வையாக இருக்க மேலே காற்று இல்லை. ஆகவே கீழே சூடேறச் சூடேற மேலே குளிர்ந்து சுருங்குகிறது. 1989-இல் ரோபிள், டிக்கின்சன் என்ற இரு அறிஞர்கள் இப்படி நடக்கும் என்று கணக்கிட்டார்கள். செயற்கைக்கோள்களின் பாதைகளைப் பல ஆண்டுகள் கவனித்ததில் அந்த உயரத்துக் காற்று மெலிந்துவருவது தெரிந்துவிட்டது. மெலிந்தால் குப்பை இன்னும் நெடுநாள் கிடக்கும்.

கேள்வி: அயனி மண்டலமும் ஓசோன் படலமும் ஒன்றா?

– கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: இல்லை தம்பி. ஓசோன் இருப்பது மிகவும் கீழே, 15 முதல் 35 கிலோமீட்டருக்குள். மொத்த ஓசோனையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். எக்ஸ் கதிரும் கடும் புற ஊதாவும் மேலேயே நின்றுவிட, தப்பி வருகிற மென்மையான புற ஊதாவை அது பிடிக்கிறது. அது போனால் நமக்கு நேரடியாகவே ஆபத்து.

கேள்வி: நாங்கள் ஆழ்கடலுக்குப் போகிறோம். சில மாதங்களில், முக்கியமாக மார்ச், செப்டம்பர் ஒட்டி, பொழுது சாய்ந்து ஏழு எட்டு மணிக்கு மேல் ஜி.பி.எஸ். கருவியில் இடம் தாவுகிறது, சில நேரம் சிக்னலே போய்விடுகிறது. கருவியை மாற்றியும் தீரவில்லை. வானத்தில் ஏதாவது காரணமா?

– மீனவர், குமரி மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் சொல்லும் மாதமும் நேரமும் பொருந்துகின்றன. வானம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பேசுகின்றன. அந்தப் பேச்சு அயனி மண்டலத்தைக் கடக்கும்போது சற்றுத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் இடத்தைப் பல மீட்டர் தள்ளிக் காட்டிவிடும். கருவி அதை ஓரளவு கணக்கிட்டுத் திருத்திக்கொள்கிறது.

நம் கடலில் கூடுதலாக ஒரு சங்கதி இருக்கிறது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு ஒன்று உலகைச் சுற்றி ஓடுகிறது. அதைக் காந்த நடுக்கோடு என்பார்கள். அது உங்களுக்கும் எனக்கும் வீட்டு வாசலில், திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பா, திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டிப் போகிறது. பகலில் அதன் மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. சூரியன் சாய்ந்ததும் எஃப் மாடி மேலே தூக்கப்படுகிறது. அடியில் உள்ள பகுதி காலியாகிறது. எண்ணெய்க்கு மேலே தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் குமிழ் குமிழாக மேலே ஏறும் அல்லவா? அப்படி எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் எழும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம் போகின்றன. அவற்றினூடே வரும் சிக்னல், நட்சத்திரம் கண்சிமிட்டுவதுபோலச் சிமிட்டும். பகலும் இரவும் சமமாக வரும் மாதங்களில், சூரியன் சீற்றமாக இருக்கும் ஆண்டுகளில், இது மிகுதி. ஒளிக்காமல் சொல்வதானால், அயனி மண்டலம் இல்லையென்றால் உங்கள் கருவி இன்னும் துல்லியமாக வேலை செய்யும்.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான். பொழுது சாயும் முன் இடத்தையும் போகும் திசையையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் தாவினால் பதறித் திசை திருப்ப வேண்டாம். சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். திசைகாட்டியைப் படகில் எப்போதும் வைத்திருங்கள். நடுநிசிக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். பகலிலும் இதே தொல்லை என்றால் அது வானத்தின் வேலை அல்ல, ஏரியல் இணைப்பைப் பாருங்கள்.

தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். 1963 நவம்பர் 21. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டுத் திண்ணையில் என் தாத்தா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். சூரியன் மறைந்து வானம் கருநீலமாகிவிட்டது. வடமேற்கே, உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தோன்றியது. அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட் மேலே போய் சோடிய ஆவியைக் கக்கியிருந்தது. எங்களுக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருந்ததால் அது ஒளிர்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு நெளிந்தது. ஓரிடத்தில் ஒரு பக்கமாக வளைந்தது, அதற்கு மேலே எதிர்ப்பக்கமாக இழுபட்டது. தாத்தா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அங்கேயும் காற்று அடிக்கிறது பார்" என்றார். அந்த ராக்கெட்டை அனுப்பிய விஞ்ஞானிகள் தெரிந்துகொள்ள விரும்பியதும் அதைத்தான்.

கேள்வி: வளிமண்டலம் எங்கே முடிகிறது? அது மெல்ல மெல்லக் கசிந்து தீர்ந்துபோகுமா?

– பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: நூறு கிலோமீட்டரில் விண்வெளி தொடங்குகிறது என்பது மனிதர் வசதிக்காகப் போட்ட கோடு. காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வெளியடுக்கில் ஹைட்ரஜன் அணுக்கள் பூமியைச் சுற்றி மிகப்பெரிய மங்கலான பந்துபோலப் பரவியிருக்கின்றன. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 வீரர்கள் சந்திரனில் நின்று புற ஊதாக் கேமராவால் அதைப் படமெடுத்தார்கள். சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் பழைய பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, அது 6,30,000 கிலோமீட்டர் வரை நீள்கிறது என்று 2019-இல் வெளியிட்டார்கள். சந்திரன் இருப்பது 3,84,000 கிலோமீட்டரில். ஆக, படமெடுத்தவர்கள் நின்றதும் அந்தப் பந்துக்குள்தான்! அந்தத் தூரத்தில் ஐந்து கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்ற அளவில்தான் இருக்கிறது. ஸ்கைலாபை இழுத்ததுபோல எதையும் இழுக்க அதனால் ஆகாது.

கசிவு உண்டு. நொடிக்குச் சுமார் மூன்று கிலோ ஹைட்ரஜன் பூமியை விட்டுப் போகிறது. நம் கையிருப்புக்கு முன்னால் அது பொருட்டே அல்ல. கசிந்து தீர்ந்ததைக் காண வேண்டுமானால் செவ்வாயைப் பாருங்கள். ஒருகாலத்தில் அங்கே ஆறு ஓடிய தடங்கள் இருக்கின்றன. அதற்குத் தடித்த காற்று இருந்திருக்க வேண்டும். இன்று தரையழுத்தம் நம்மதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உலகளாவிய காந்தப்புலத்தை இழந்த அந்தச் சிறிய கோளின் உச்சிக் காற்றை, சூரியனிலிருந்து பாயும் மின்துகள்களான சூரியக் காற்று நொடிக்கு நூறு கிராம் அளவில் இன்றும் உரித்துக்கொண்டிருப்பதை அமெரிக்காவின் மேவன் விண்கலம் அளந்தது. அங்கே ஒருகாலத்தில் இருந்த ஆர்கான் வாயுவில் 65 சதவீதம் போய்விட்டது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். பாலாடை மறுபடி படியப் பாத்திரத்தில் பால் இருக்க வேண்டும். செவ்வாயில் வழித்து வழித்துப் பாலே அடிமட்டத்துக்குப் போய்விட்டது. 2014 செப்டம்பரில் மேவன் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் நம் மங்கள்யானும் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்த 'மென்கா' என்ற கருவி செவ்வாயின் வெளியடுக்கை அளக்கவே செய்யப்பட்டது. அதை உருவாக்கியது தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்.

கேள்வி: தாத்தா, இன்னொரு கேள்வி. அந்த அயனி மண்டலத்தை நான் என் வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

– அதே ஒன்பதாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்

பதில்: பார்க்க முடியாது மகளே, கேட்கலாம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மத்திய அலை (மீடியம் வேவ்) உள்ள பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் இரவல் வாங்கு. கைப்பேசி வானொலி உதவாது. மாலை நாலரை மணிக்கு மொட்டைமாடிக்கு எடுத்துப் போ. சார்ஜர், எல்.இ.டி. விளக்கு எதுவும் அருகில் இருக்க வேண்டாம், அவை இரையும். முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்து. எங்கெங்கே குரல் கேட்கிறதோ அதைக் குறித்துக்கொள். எந்த மொழி, எவ்வளவு தெளிவு என்றும் எழுது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார், சில நிலையங்கள் ஒரு பக்கத்தில் மட்டும் நன்றாகக் கேட்கும்.

பிறகு இரவு எட்டு மணிக்கு அதே இடத்தில், அதே பெட்டியோடு உட்கார். அந்நேரம் டி மாடி கலைந்துபோயிருக்கும். முள்ளை மறுபடி ஒரு முனையிலிருந்து தொடங்கு. ஒரு குரல் வந்து, தேய்ந்து, மறுபடி உயர்ந்தால் அதை விட்டுவிடாதே. அது முன்னூறு கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பிய குரலாக இருக்கலாம். காத்திருந்து ஊர்ப் பெயரைப் பிடி.

இரண்டு பட்டியலையும் இந்த இதழ் முகவரிக்கு என் பெயரிட்டு அனுப்பு. தேதியையும் நேரத்தையும் எழுத மறக்காதே.